புதுக் குதிரை வீடு வந்த பின் மனம் தடுமாறினால்

குதிரையை வண்டியிலிருந்து இறக்கி, கூட வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, இருட்டிய பிறகு லாயத்தின் முன் தனியாக நிற்கும் வேளையில்தான், அவசரப்பட்டுவிட்டோமோ என்ற எண்ணம் பெரும்பாலோருக்கு முதன்முதலாக வருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் கத்தியவார் இனத்துச் செவலைப் பெண்குதிரை ஒன்றைப் பார்த்து, அத்தனை கூட்டத்திலும் மேளச் சத்தத்திலும் அது அசையாமல் நின்ற அழகில் மனம் நிறைந்து, விலை பேசி முடித்து, தாராபுரம் பக்கத்திலிருக்கும் எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்தேன். அன்றிரவு அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. வேலியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நடந்து, கனைத்து, திரும்பி மறுபடி நடந்து, விடிவதற்குள் செம்மண்ணில் வாய்க்கால்போல ஒரு தடம் போட்டிருந்தது. மார்பிலும் விலாவிலும் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. போட்ட தீனி போட்டபடியே கிடந்தது. தண்ணீர் வாளியோடு நான் பக்கத்தில் போனபோது, காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டு, பின்பக்கத்தை என் பக்கம் திருப்பியது. மூன்றாம் நாள் மாலை, விற்றவரை அழைத்துத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று கைப்பேசியைக் கையில் எடுத்துவிட்டேன்.

அன்று நான் அழைக்கவில்லை. அந்தக் குதிரை இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த இன்னொருவர், ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சத்தால், தன்னால் சமாளிக்க முடியாத ஓர் ஆண்குதிரையை 2 ஆண்டுகள் வைத்திருந்து, மணிக்கட்டு முறிந்த பிறகே கொடுத்தார். ஆகவே பொறுத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதப்போவதில்லை. மனத்தடுமாற்றம் வந்தால் அதை ஒரே பாரமாகச் சுமக்காமல், உடல்நலம், தீனி, பயம், பணம், நேரம் என்று தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்து, எதற்கு இன்றே விடை தேட வேண்டும், எதற்கு மூன்று மாதம் பொறுக்கலாம் என்று வகைப்படுத்துவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

குதிரை எதை இழந்து வந்திருக்கிறது

குதிரை கூட்டத்தோடு வாழும் பிராணி. தனியாக நிற்பது என்றாலே ஆபத்து என்று அதன் உடம்பு எடுத்துக்கொள்கிறது. நீங்கள் வாங்கிவந்த நாளில் அது பழகிய துணைகளையும், பழகிய தண்ணீரையும், தீனி வைக்கும் கையையும், காற்றின் மணத்தையும் ஒரே நாளில் இழந்து, ஆடும் வண்டியில் மணிக்கணக்காகக் கால் ஊன்றி நின்று வந்திருக்கிறது. சந்தையில் அமைதியாக நின்றதற்குச் சுற்றிலும் நூறு குதிரைகள் நின்றதும் ஒரு காரணம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரையை கிண்டியிலிருந்தோ, ஊட்டியிலிருந்தோ, பெங்களூரிலிருந்தோ வாங்கியவர்களுக்கு இது இன்னும் கூர்மையாகத் தெரியும். நாளின் பெரும்பகுதியை நான்கு சுவருக்குள் கழித்து, குறித்த நேரத்தில் தீனியும் ஓட்டமும் கண்ட குதிரைக்குத் திறந்த தோட்டம் சுதந்திரமாகத் தோன்றுவதில்லை. முதலில் திகைப்புத்தான் வருகிறது.

பொதுவாக, தின்பதும் குடிப்பதும் சில நாட்களில் சீராகும். வீட்டின் வேளைகளுக்குப் பழக மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். உங்களை நம்புவதற்குப் பல மாதங்கள்கூட ஆகலாம். இந்த மூன்று காலங்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, பத்தாம் நாளில் நம்பிக்கையை எதிர்பார்ப்பதுதான் பாதிப் பேரின் வருத்தத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

தனிமைக்கு உடனடி மருந்து துணைதான். அதற்காக அவசரத்தில் இரண்டாவது குதிரை வாங்கிவிடாதீர்கள். ஒரு குதிரையைப் பற்றிய சந்தேகம் தீருமுன் இரண்டு குதிரைகளைப் பற்றிய சந்தேகம் சேர்ந்துவிடும். வெள்ளாடோ, சாதுவான பசுவோ கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தாலே பல குதிரைகள் அடங்குகின்றன. எங்கள் குதிரை நான்காம் நாள் இரவு நடையை நிறுத்தியது, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிடாரியைக் கட்டிய பிறகுதான்.

பொறுக்கக் கூடாதவை

மனம் பழகட்டும் என்று காத்திருக்கும் நாட்களில் உடம்பை மறந்துவிடக் கூடாது. ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கி வைத்துக்கொண்டு, முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் எழுதுங்கள். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு உடல் வெப்பம் 99 முதல் 101 டிகிரி பாரன்ஹீட் வரையிலும், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரையிலும், மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16 வரையிலும் இருக்கும். ஈறு வெளிர்சிவப்பாக ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். எத்தனை முறை இலத்தி போட்டது, எவ்வளவு தண்ணீர் குடித்தது என்பதையும் எழுதுங்கள். சாதாரண நாளிலேயே 20 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். சித்திரை வெயிலில் அதற்கு மேலும் போகும்.

தீனியைத் தொடாமல் தரையைக் காலால் பிறாண்டுவது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, இலத்தி நின்றுபோவது ஆகியவை வயிற்றுவலியின் அடையாளங்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். ஆகையால் விளக்கெண்ணெயையோ கஷாயத்தையோ பாட்டிலில் ஊற்றி வாயில் புகட்டாதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கினால் வயிற்றுவலியோடு பிழைத்திருக்கக்கூடிய குதிரை நிமோனியாவில் போய்விடும். தீனியை எடுத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தி கிடைக்கிறது. ஆனால் நம் ஊர்ப்பக்கம் பெரும்பாலான மருத்துவர்கள் அன்றாடம் பார்ப்பது மாடும் ஆடும் என்பதால், குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர் அருகில் யார் என்பதைக் குதிரை நலமாக இருக்கும் நாளிலேயே விசாரித்து எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகள் பெரிய சிக்கல்களுக்குக் கைகொடுப்பவை.

வந்த முதல் நாளிலோ மறுநாளோ மருத்துவரை வரவழைத்து ரத்தம் எடுக்கச் சொல்வது, நான் செய்யாமல் விட்டு வருந்திய காரியம். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, நொண்டலை மறைக்க வலி மருந்தும், முரட்டுத்தனத்தை மறைக்க மயக்க மருந்தும் கொடுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். நான்காம் ஐந்தாம் நாளில் குதிரை திடீரென்று வேறு குதிரையாகத் தெரிந்தால், முதல் நாள் ரத்தம் கையிலிருப்பது பேச்சுக்கு ஆதாரமாகும். இரண்டாவது, தொற்று. சர்ரா என்னும் ரத்த ஒட்டுண்ணி நோய் கடிக்கும் ஈக்களால் பரவி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலாலும் மெலிவாலும் குதிரையை உருக்கும். கிளாண்டர்ஸ் அதைவிடக் கொடியது, மனிதருக்கும் தொற்றும், அறிகுறி தெரிந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இதற்கான சோதனைகளைச் செய்யும் தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் ஹரியானாவின் ஹிசாரில் இருக்கிறது. மாதிரியை எப்படி அனுப்புவது என்று கால்நடைத் துறை மருத்துவர் வழிகாட்டுவார். வீட்டில் வேறு குதிரை இருந்தால் புதியதை மூன்று வாரமாவது தனியே நிறுத்தி, வாளியையும் கயிற்றையும் தூரிகையையும் தனியாக வையுங்கள். தாடைக்கு அடியில் கட்டி எழுவதும் மூக்கில் சீழ் வடிவதும் இந்த இடைவெளியில் தெரிந்துவிடும்.

தடுப்பூசி போட்டாயிற்று என்று விற்றவர் வாயால் சொன்னால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ரணஜன்னி (டெட்டனஸ்) குதிரையை எளிதில் தாக்கும். லாட ஆணி குத்திய சிறு துளை போதும். சான்று இல்லையென்றால் புதிதாகவே தொடங்கி, நான்கு முதல் ஆறு வாரம் விட்டு இரண்டாவது ஊசியும் போட்டுக்கொள்வது நல்லது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் குடற்புழு மருந்தையும் அந்தச் சமயத்திலேயே பேசி முடித்துவிடலாம்.

வயதைப் பற்றிய ஏமாற்றமும் இந்தப் பரிசோதனையில்தான் வெளிப்படும். ஆறு வயது என்று வாங்கிய குதிரையின் மேல்வரிசைக் கடைசி வெட்டுப்பல்லில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடியிருந்தால், அது சுமார் பத்து வயதைத் தாண்டியிருக்கலாம். இதில் மனம் உடைய வேண்டியதில்லை. குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். புதிதாகச் சவாரி பழகுகிறவருக்கு நான்கு வயதுக் குதிரையைவிடப் பன்னிரண்டு வயதுக் குதிரை எவ்வளவோ மேல்.

தீனியின் கோளாறு குணத்தில் தெரியும்

குணம் சரியில்லை என்று சொல்லப்படும் குதிரைகளில் பலவற்றுக்குத் தீனிதான் சரியில்லை. இந்த இடத்தில் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மாடு வளர்த்துப் பழகிய நம் கை இங்கேதான் தவறு செய்கிறது.

மாட்டுக்கு நான்கு அறை வயிறு. தின்பதைச் சேர்த்து வைத்து அசைபோடும். குதிரையின் இரைப்பை உடம்பைப் பார்க்கச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். நார்ச்சத்து செரிப்பது பின்குடலில் வாழும் நுண்ணுயிர்களால். எனவே அது நாள் முழுவதும் சிறிது சிறிதாகத் தின்ன வேண்டிய பிராணி. காலையும் மாலையும் இரண்டு கூடை கொட்டிவிட்டு நடுவில் வெறும் வாயோடு கட்டி வைத்தால், இரைப்பையில் புண் வரும்; மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்கும் பழக்கம் வரும்; சேணம் கட்டும்போது வயிற்றைத் தொட்டாலே கடிக்க வரும். வாங்கியவர் இதைக் கெட்ட குணம் என்று எழுதிக்கொள்கிறார்.

முதலில் எடை தெரிய வேண்டும். தராசு தேவையில்லை. முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பின்தொடை முனைவரை உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். எங்கள் குதிரைக்குச் சுற்றளவு 160, நீளம் 148. கணக்குப் போட்டால் 319 கிலோ. ஒரு குதிரைக்கு அதன் எடையில் 1.5 முதல் 2.5 சதவீதம் வரை உலர்தீனி அன்றாடம் வேண்டும் என்பதால், இதற்கு நாளுக்கு ஆறரைக் கிலோ சுமாராகப் போதும். பச்சைப்புல்லாக மட்டும் போட்டால் அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதை நினைவில் வைத்து முப்பது கிலோவுக்கு மேல் போட வேண்டியிருக்கும்.

விற்றவர் என்ன போட்டாரோ அதையே முதல் வாரம் போடுங்கள். ஒரு வாரத்துக்கான தீனியை அவரிடமே வாங்கிக்கொண்டு வருவது மிக நல்லது. பிறகு, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிக் கூட்டி, 7 முதல் 14 நாட்களில் மாற்றுங்கள். கொள்ளைக் குதிரையின் உணவு என்று நாம் பரம்பரையாகச் சொல்லிவந்தாலும், ஊறவைத்தோ வேகவைத்தோ அளவாகத்தான் கொடுக்க வேண்டும். தானியமும் பருப்பும் சேர்ந்து ஒரு வேளைக்கு உடல் எடையில் அரைச் சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் குதிரைக்கு அது ஒன்றரைக் கிலோ. சவாரியும் ஓட்டமும் இல்லாத முதல் வாரங்களில் அதில் பாதிகூட வேண்டாம். வேலையில்லாமல் கொழுந்தீனி தின்றுகொண்டு கட்டியே நிற்கும் குதிரை துள்ளாமல் என்ன செய்யும்? மிஞ்சினால் குளம்பில் அழற்சி வரும். குளம்பு சூடாகி, முன்காலில் பாரம் வைக்காமல் பின்னுக்குச் சாய்ந்து நின்றால் அதுவும் மருத்துவரை அழைக்க வேண்டிய அவசரம்தான்.

தோட்டத்தில் கோ-4 போன்ற நேப்பியர் புல் மண்டிக்கிடக்கிறது, குதிரைக்கும் அதுவே போதும் என்று நினைப்பவர்கள் கவனியுங்கள். நேப்பியரிலும், கொங்குநாட்டு மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் விளையும் கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைக் குதிரையின் உடம்பில் சேரவிடாது. மாட்டின் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடுவதால் மாட்டுக்குத் தொல்லையில்லை. குதிரைக்கு அந்த வசதி கிடையாது. அதோடு பாஸ்பரஸ் மிகுந்த தவிட்டையும் தாராளமாகக் கொடுத்தால், சில மாதங்களில் எலும்பு சத்திழந்து, முக எலும்பு புடைத்து, காரணம் தெரியாமல் நடை பிசகும். இந்தப் புற்களை விலக்க முடியாதென்றால், கால்சியம் நிறைந்த குதிரைமசாலையோ வேலிமசாலையோ கலந்து கொடுத்து, அருகம்புல்லையும் சேர்த்து, தாதுக்கலவை எவ்வளவு வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இளம் சோளப்பயிரைக் குதிரைக்குப் போடாதீர்கள். மாட்டுக்கும் கோழிக்கும் வாங்கும் மூட்டைத் தீவனத்தை ஒருநாளும் பகிர்ந்து வைக்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் சேரும் மொனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத் தசையையே அழித்துவிடும். வேலியில் அரளி இருந்தால் குதிரை வருமுன் வேரோடு எடுத்துவிடுங்கள். சில கைப்பிடி இலையே குதிரையைக் கொல்லப் போதும். அள்ளிப்போடும் புல்லில் வெட்டிய அரளிக் குச்சி கலந்துவிடுவது இன்னும் ஆபத்து, ஏனென்றால் காய்ந்த இலையிலும் விஷம் போவதில்லை.

கொள்ளென்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளமென்றால் வாயை மூடுமாம் என்று ஒரு பழமொழி இருக்கிறது. குதிரையின் சோம்பலைச் சொல்வதாகவே நாம் அதை எடுத்துக்கொள்கிறோம். என் குதிரையும் கடிவாளத்தைக் கண்டால் பல்லை இறுக்கித் தலையை உயர்த்திக்கொள்ளும். மருத்துவர் வாயைத் திறந்து கைவிளக்கில் காட்டியபோது, மேல் கடைவாய்ப் பல்லின் வெளிவிளிம்பு கத்திமுனைபோல இருந்ததையும், அது உரசிய இடத்தில் கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகப் புண்ணாகியிருந்ததையும் பார்த்தேன். பல்லை அரம் போட்டு, புண் ஆறவிட்டு, மூன்று வாரம் கழித்துக் கடிவாளத்தை நீட்டியபோது தலையைத் தாழ்த்தியே நின்றது. குதிரையின் பல்லை ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவர் பார்க்க வேண்டும். சேணம் முதுகெலும்பில் படுகிறதா, குளம்பு கடைசியாக எப்போது சீவப்பட்டது என்பவற்றையும் குணத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதுமுன் பார்த்துவிடுங்கள். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும்.

பயம் உங்களுடையதாக இருந்தால்

வலியும் இல்லை, தீனியும் சரி, ஆனாலும் பக்கத்தில் போகக் கை நடுங்குகிறது என்றால், அதை மனைவி மக்களிடமிருந்து மறைக்காமல் ஒப்புக்கொள்வதுதான் முதல் வேலை. முந்நூறு கிலோ எடையுள்ள, மிரண்டால் யோசிக்காமல் ஓடும் ஒரு பிராணியிடம் பயம் வருவது இயல்பு. முதல் இரண்டு வாரம் ஏறிச் சவாரி செய்வதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பயந்தவர் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றே: அவசரமாகப் போய், அவசரமாகக் கட்டி, அவசரமாகத் திரும்பி வந்துவிடுவது. குதிரைப் பண்ணைகளில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக, வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவரை நான் எட்டாம் நாள் அழைத்துவந்தேன். அவர் குதிரையைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். “மூச்ச இழுத்துப் புடிச்சுட்டே போறீங்க தம்பி. அதுக்கு அது தெரியுதுங்க. மொதல்ல மூச்ச விட்டுட்டு அப்புறம் அடியெடுத்து வைங்க” என்றார். அன்றிலிருந்து வேலி வாசலில் நின்று, மூச்சை முழுதாக விட்டு, தோளைத் தளர்த்திய பிறகே உள்ளே போகிறேன்.

குதிரைக்குக் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் ஏறத்தாழ முழுவட்டமும் தெரியும்; நேர் பின்புறமும் நெற்றிக்கு நேர் முன்னாலும்தான் தெரியாத இடங்கள். ஆகவே பேசிக்கொண்டே, இடது தோளை நோக்கிச் சாய்வாக நடந்து போங்கள். காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம், அதே நேரம், அதே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பின்பக்கத்தைத் திருப்பினால் அடிக்கவும் வேண்டாம், வெளியே ஓடவும் வேண்டாம். உதை எட்டாத தூரத்தில் நின்று, விலாவுக்கு நேராக மெல்ல நகர்ந்து நகர்ந்து நில்லுங்கள். அது தலையைத் திருப்பி உங்களைப் பார்த்த அந்தக் கணத்திலேயே இரண்டு அடி பின்வாங்குங்கள். பார்த்தால் நெருக்கடி விலகுகிறது என்று அது கற்றுக்கொள்ளும். ஒன்பதாம் நாள் எங்கள் குதிரை இப்படி ஏழெட்டு முறை திரும்பிப் பார்த்தது. பதினோராம் நாள் தானாக மூன்று அடி என்னை நோக்கி எடுத்து வைத்து, என் சட்டைப்பையை மூக்கால் முகர்ந்தது. அதற்குப் பிறகு தூரிகை போடுவது, பிறகு நடத்திச் செல்வது, நிறுத்துவது, ஓர் அடி பின்னுக்கு வைக்கச் செய்வது என்று போனோம். தரையில் நின்று சொன்னால் கேட்காத குதிரை, மேலே ஏறிச் சொன்னாலும் கேட்காது.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். கட்டும்போது, இழுத்தால் அவிழும் முடிச்சுப் போட்டு, அசையாத தூணில் கட்டுங்கள். மூடிய காலணி அணியுங்கள். ஏறும் நாள் வந்தால் தலைக்கவசமும் அணியுங்கள். குழந்தைகளைத் தனியே உள்ளே விடாதீர்கள். பின்னங்காலில் கயிறு போட்டுக் கட்டும் வழக்கம் நம் பக்கம் பரவலாக இருக்கிறது. மிரண்ட புதுக் குதிரைக்கு அது பயத்தையும் காயத்தையும்தான் கூட்டுகிறது என்பதால் நான் அதை விட்டுவிட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும், வாயைத் திறந்துகொண்டு பாய்ந்து வருவது, முன்காலால் அடிப்பது, ஆள் மேலே இருக்கும்போது நிமிர்ந்து பின்னால் விழுவது ஆகியவற்றில் ஏதாவது நடந்தால், வீட்டில் வைத்துச் சரிசெய்ய முயலாதீர்கள். அது அனுபவமுள்ள பயிற்சியாளரின் வேலை. அன்றைக்கே நிறுத்திவிட்டு அவரை அழையுங்கள்.

சுழி பார்ப்பவர்கள்

குதிரை வந்த வாரத்தில் பார்க்க வரும் உறவினர்களில் ஒருவராவது நெற்றியிலோ கழுத்திலோ ஒரு சுழியைக் காட்டி, இது ஆகாதே என்பார். ஏற்கெனவே தடுமாறும் மனத்துக்கு அந்த ஒரு சொல் போதும். சுழி என்பது மயிர் வளரும் திசையால் உண்டாகும் அமைப்பு. ஒவ்வொரு குதிரைக்கும் வேறுபடுவதால் அடையாளக் குறிப்பில் அதைப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பயன் அதற்கு உண்டு. பெரியவர்களை எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் நன்றாகத் தின்று, சீராக நடந்து, உங்கள் குரலுக்குத் திரும்பும் குதிரையைச் சுழிக்காகத் திருப்பி அனுப்பாதீர்கள். நான்கு காலும் முகமும் வெள்ளையாக உள்ள ராசியான பஞ்சகல்யாணி என்பதற்காக நொண்டும் குதிரையை வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

தொண்ணூறாம் நாள்

முடிவெடுக்க ஒரு தேதியை முன்கூட்டியே குறித்து வையுங்கள். நான் 90 நாள் வைத்துக்கொண்டேன். அதற்குள் தீனி மாறி நிலைத்திருக்கும், குளம்பு ஒருமுறையாவது சீவப்பட்டிருக்கும், தடுப்பூசிகள் முடிந்திருக்கும், பருவமும் ஒருமுறை மாறியிருக்கும். அந்தத் தேதிவரை விற்பதா வேண்டாமா என்ற பேச்சை வீட்டில் எடுக்காதீர்கள். பொய் சொல்லி விற்றிருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் கிடைத்தால் மட்டும் இந்த விதியைத் தள்ளிவைத்து, அன்றே காணொளி எடுத்து, மருத்துவர் எழுதிக் கொடுத்ததோடு விற்றவரை அழையுங்கள். சந்தை வியாபாரத்தில் நாள் கடந்தால் பேச்சு எடுபடாது.

அந்த நாளில் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, மாதம் எவ்வளவு செலவானது, எத்தனை நாள் இரண்டு வேளையும் நீங்களே போனீர்கள், எத்தனை நாள் வேறொருவரை அனுப்பினீர்கள், கடைசி முப்பது நாளில் பயந்த நாட்கள் குறைந்தனவா என்று எண்ணிப் பாருங்கள். செலவும் நேரமும் உங்கள் கைக்கு மீறியவை என்று கணக்கு சொன்னால், குதிரைமேல் அன்பிருந்தாலும் கொடுப்பது சரி. பயம் குறையவே இல்லை என்றாலும் கொடுப்பது சரி. பழகிய பிறகு பிரிவது அதற்குக் கஷ்டம் என்று சொல்லிச் சொல்லி ஆண்டுகளைக் கடத்தினால், தீனி போட ஆளிருந்தும் தொட ஆளில்லாத குதிரையாக அது நிற்கும்.

கொடுப்பதென்றால், கேட்டவுடன் பணத்தை எடுத்து வைக்கும் தரகருக்குக் கொடுக்காதீர்கள். வாங்குபவரின் இடத்தை நீங்களே நேரில் போய்ப் பார்த்து, அங்கே நிழலும் தண்ணீரும் துணைப் பிராணியும் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். சேணம் கட்டும்போது கடிக்கும், லாரி சத்தத்துக்கு மிரளும் என்பதையெல்லாம் நீங்களே முதலில் சொல்லிவிட்டு, அவரை இரண்டு மூன்று நாள் வந்து தூரிகை போட்டு நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அனுப்பும் நாளில் இரண்டு வாரத் தீனியையும், பழகிய கயிற்றையும் வாளியையும், தடுப்பூசிச் சீட்டுகளையும், நீங்கள் எழுதிய நோட்டுப் புத்தகத்தையும் கூடவே கொடுத்து, இயன்றால் வண்டியிலேயே போய் அது அங்கே முதல் வாளித் தண்ணீர் குடிக்கும்வரை நின்றுவிட்டு வாருங்கள்.